கொல்லைக்காட்டில் ஐந்து சதம்

மெட்டல் டிடெக்டர் வாங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்தவை: பிராந்தி பாட்டில் மூடி நான்கு, மாத்திரை அட்டையின் ஒரு துண்டு, டார்ச் லைட் பேட்டரியின் அடித்தகடு, துருப்பிடித்த குடைக்கம்பி, அப்புறம் ஒரு கொலுசுத் திருகாணி. அந்தத் திருகாணி பல வருடங்களுக்கு முன் என் தங்கை தொலைத்தது. நான்தான் எடுத்து ஒளித்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு அடி விழுந்தது. அதனால் அந்த ஒரு பொருளுக்கு மட்டும் வீட்டில் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. மற்றதைப் பார்த்து அம்மா, "பதினெட்டாயிரம் குடுத்துக் குப்பை பொறுக்கறான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோத்தகிரிக்குக் கீழே இறங்கும் ஒரு சரிவில் எங்களுக்குப் பத்து சென்ட் பட்டா நிலம். வீடு போக மீதியில் நான்கு அடுக்காகப் பாத்தி. பீட்ரூட், பீன்ஸ், ஓரத்தில் கொஞ்சம் தேயிலை. நான் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன். வயரும் காயில் என்னும் கம்பிச்சுருளும் தினமும் கையில் புழங்குவதாலோ என்னவோ, இந்தக் கருவியின் மேல் ஒரு ஆசை. உள்ளே நடப்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. அடியில் இருக்கும் வட்டத் தட்டில் ஒரு காயில் மாறுமின்னோட்டத்தால் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து, அது தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தைத் திருப்பி விடுகிறது. இன்னொரு காயில் அதைப் பிடித்து, எவ்வளவு தாமதமாக வந்தது என்று பார்த்து, இது இரும்பா, அலுமினியமா, செம்பா என்று ஊகித்து ஒரு எண்ணைத் திரையில் காட்டும். ஊகம்தான். அதை நான் உறுதி என்று நினைத்துக்கொண்டதுதான் முதல் இரண்டு மாதம் செய்த தவறு.

எங்கள் மண்ணும் சும்மா இருக்கவில்லை. நீலகிரிச் செம்மண்ணில் இரும்புச்சத்து அதிகம். கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வீசினால் மண்ணே கத்த ஆரம்பித்துவிடும். இதற்கென்று கருவியில் மண்ணுக்கேற்பச் சரிசெய்யும் ஒரு அமைப்பு உண்டு. உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, தட்டை ஒரு முழ உயரத்துக்குத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். தூக்கினாலும் இறக்கினாலும் சத்தம் மாறாத நிலை வரும்வரை திருக வேண்டும். மேல் அடுக்குக்குச் செய்தது கீழ் அடுக்குக்குப் பொருந்தாது. உரமும் சாம்பலும் போட்டுப் போட்டு ஒவ்வொரு பாத்தியும் ஒரு குணம். அடுக்கு மாறும்போதெல்லாம் மறுபடி செய்ய வேண்டும் என்று புரிய எனக்கு மூன்று ஞாயிறு ஆனது. மின்கம்பிக்குக் கீழே நின்றால் இன்னொரு கச்சேரி. அங்கே உணர்திறனைக் குறைக்காமல் வேலை ஆகாது. செல்போனும் சட்டைப்பையில் இருக்கக்கூடாது.

உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டு. வாசல் ஓரத்தில் ஒரு சோதனைப் பாத்தி போட்டேன். பழைய அஞ்சு பைசா, கால் அணா, ஒரு ரூபாய், பாட்டில் மூடி, ஆணி, சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் எல்லாவற்றையும் இரண்டு அங்குலம், நான்கு அங்குலம், ஆறு அங்குலம் என்று தனித்தனியாகப் புதைத்துக் குச்சி நட்டு, எதற்கு என்ன எண், என்ன ஓசை என்று நோட்டில் எழுதிவைத்தேன். வீடியோவில் வெளிநாட்டுக்காரர் சொல்லும் எண் அவர் ஊர்க் காசுக்கும் அவர் ஊர் மண்ணுக்கும். நம் நோட்டுதான் நமக்கு. ஆறு அங்குலத்தில் கால் அணா கேட்பதும் கேட்காததுமாக இருந்தது. பத்து அங்குலம் போகும் என்று கடைக்காரர் சொன்னதை அன்றோடு மறந்தேன்.

தட்டை வீசும்போது மண்ணை ஒட்டி, மட்டமாக, மெதுவாக வீச வேண்டும். கதிர் அறுப்பதுபோல ஓரத்தில் தூக்கினால் ஓரத்தில் இருப்பதெல்லாம் தப்பிவிடும். ஓசை வந்த இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறிபோல வீசிப் பார்த்து, இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தைப் பிடித்துத் தோண்டினால் போதும். எனக்குக் களைக்கொத்தே போதுமானதாக இருந்தது. மூன்று பக்கம் மட்டும் வெட்டி, மண்கட்டியைப் புத்தகம் திறப்பதுபோல மடக்கி, எடுத்ததும் மூடி மிதித்துவிடுவேன். சரிவு நிலத்தில் குழியைத் திறந்தபடி விட்டால் அடுத்த மழை அதை ஓடையாக்கிவிடும். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலம். 2009 நவம்பரில் இந்தப் பக்கம் மண் சரிந்ததைப் பார்த்தவன் ஒரு கைப்பிடி மண்ணையும் அலட்சியமாக விடமாட்டான். தேயிலைச் செடியின் தூரில் மட்டும் எவ்வளவு நல்ல ஓசை வந்தாலும் நான் தோண்டுவதில்லை. வேரில் காயம் பட்டால் செடி போய்விடும்.

ஹெட்ஃபோனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மெல்லிய ஓசை கேட்க அது வேண்டும் என்பார்கள், உண்மைதான். ஒரு மாலை ஐந்தரை மணிக்குக் கீழ் அடுக்கில் இரண்டு காதையும் மூடிக்கொண்டு குனிந்து தோண்டிக்கொண்டிருந்தேன். ஏதோ உறுத்தி நிமிர்ந்தால், பதினைந்து அடியில் காட்டெருமை. அது வரும் வழியில் பீன்ஸ் பந்தல் முறிந்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டதாம், எனக்குக் கேட்கவில்லை. அது என்னை ஒரு பொருட்டாக நினைக்காமல் தேயிலைக்குள் இறங்கிப் போனது என் நல்ல காலம். அன்றிலிருந்து ஒரு காதுதான் ஹெட்ஃபோனுக்கு. நான்கு மணிக்கு மேல் வேலையும் இல்லை. எங்கள் பக்கம் கரடியும் உண்டு, அது இப்படிப் பெரிய மனதோடு போகும் என்று நம்ப முடியாது.

இரண்டாவது மாதக் கடைசியில், மேல் அடுக்கில் முதல் பழைய காசு வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட கால் அணா. ரூபாய்க்கு அறுபத்து நான்கு கால் அணா என்ற கணக்கில் புழங்கிய வெண்கலக் காசு. வருடம் 1917 என்று சரியாகவே படிக்க முடிந்தது. மேலே கரும்பச்சையாக ஒரு படலம். அப்பாயியிடம் காட்டித் திண்ணையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனேன். திரும்பி வந்தால் காசு புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று செம்பு நிறத்தில் இருக்கிறது. "குத்துவிளக்குக்குச் செய்யறதுதானே சாமி" என்று அப்பாயி பெருமையாக நீட்டினார். ராஜாவின் மூக்கு போயிருந்தது. 1917 என்பதில் கடைசி 7 இப்போது 1 மாதிரி இருக்கிறது. பழைய காசுக்கு அந்தப் படலம்தான் காப்பு. புளி, எலுமிச்சை, டூத்பேஸ்ட் எதுவும் ஆகாது. மழைத்தண்ணீரில் ஊறவைத்து, மண் தானாகக் கழன்றால் சரி, கழலாவிட்டால் அப்படியே விட்டுவிட வேண்டும். அப்பாயியைக் கோபித்துக்கொள்ள முடியுமா? எண்பது வயதில் அவர் கையில் அவ்வளவு பலம் இருப்பதை நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அந்த ஒரு கால் அணா தெருவுக்குள் ஒரு குடம் தங்கமாக வளர்ந்தது. "வெள்ளைக்காரன் பொதைச்சதாமே" என்று டீக்கடையில் கேட்டார்கள். நம் ஊரில் புதையல் என்ற சொல்லுக்கு இருக்கும் பவுசு அப்படி. பயந்துபோய்ச் சட்டத்தைத் தேடிப் படித்தேன், முதலிலேயே படித்திருக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்! 1878இல் அது பெரிய தொகை, இன்றைக்கு ஒரு டீக்கே பத்தாது. ஆனால் சட்டம் அதே பத்தில்தான் நிற்கிறது. மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம். நூறு வயதைத் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிடும், அதை வெளிநாட்டுக்கு விற்கவோ அனுப்பவோ கூடாது. நான் மூக்குப்போன ஜார்ஜைப் படம் பிடித்து ஒரு மனு எழுதித் தாலுகா ஆபீஸில் கொடுத்து, தேதி முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொண்டேன். முத்திரை குத்தியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும், காகிதம் என்னிடம் இருக்கிறது.

எங்கே தேடக்கூடாது என்பதுதான் எங்கே தேடலாம் என்பதைவிட முக்கியம். நீலகிரியில் பாதிக்கு மேல் காடு. காப்புக்காட்டுக்குள் கருவியோடு கால் வைப்பதே வம்பு. டேன்டீ என்னும் அரசுத் தேயிலைக் கழகத்தின் நிலமும் வனத்துறையோடு சேர்ந்தது. கண்ணேரிமுக்கில் 1819இல் மலையேறி வந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சலிவனின் பங்களா இருக்கிறது, அது நினைவகம். முதல் வாரம் அந்தச் சுவர் ஓரத்தில் தங்கப் பவுன் கிடக்காதா என்று எனக்குத் தோன்றியது, இல்லை என்று சொல்லமாட்டேன். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டவும் சுரங்கம் தோண்டவும் கூடாது என்பது மத்தியச் சட்டம். அட்டவணையில் இல்லாத சின்னமாக இருந்தாலும் கை வைக்காமல் இருப்பதற்கு எனக்கு வேறு ஒரு காரணம் உண்டு, பழங்காலத்து ஈமச் சின்னங்களான கல்வட்டங்கள். நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ப்ரீக்ஸ் துரை 1870ஐ ஒட்டி இந்த மலைச் சிகரங்களில் இருந்த கல்வட்டங்களைத் திறந்தார். மூடியில் விலங்கு உருவம் வைத்த மண்பானைகள், வெண்கலக் கிண்ணங்கள், இரும்பு ஆயுதங்கள் என்று அள்ளினார். பெரும்பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்கும், ஒரு பகுதி லண்டனுக்கும் போயிற்று. எது எதன் பக்கத்தில், எந்த ஆழத்தில் இருந்தது என்பது இப்போதைய ஆய்வுக்கு வேண்டிய அளவுக்கு அவர் குறிப்பில் இல்லை. பொருள் இருக்கிறது, பேச்சுத் துணை போய்விட்டது. ஒரு அரசாங்கத்து ஆளே அப்படிச் செய்தார் என்றால் களைக்கொத்து வைத்திருக்கும் நான் எம்மாத்திரம்.

அதனால் எங்கள் பத்து சென்ட், பிறகு மேலே இருக்கும் கவுடரின் உருளைக்கிழங்குக் காடு, இவ்வளவுதான் என் எல்லை. கவுடரிடம் நேரில் போய்க் கேட்டேன். கிழங்கு எடுத்த பிறகு இரண்டு வாரம் பாருங்கள் என்றார், எது கிடைத்தாலும் முதலில் தன்னிடம் காட்ட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. வாய்வார்த்தை போதாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். நிலத்துக்காரருக்கும் அது நல்லது.

அந்தக் காட்டில்தான் என் முழுத் தேடலும் திசை மாறியது. அதுவரை நான் இரும்பை ஒதுக்கும்படி கருவியை வைத்திருந்தேன். புதிதாகப் பிடிப்பவர்களுக்கு எல்லோரும் சொல்லித் தருவது அது: இரும்பென்றால் ஆணியும் தகரமும்தான், கருவியை ஊமையாக்கிவிடு. ஆனால் பெரிய இரும்பு இந்த ஒதுக்கலை ஏமாற்றிவிடும். செம்பு, வெள்ளி மாதிரி உயர்ந்த ஓசை கொடுக்கும். அப்படி ஒரு அருமையான ஓசையை நம்பி ஒன்றரை அடி தோண்டினேன். வந்தது கொத்து ஒன்றின் இரும்பு. உள்ளங்கை அகலம், முனை தேய்ந்து மழுங்கியது, காம்பு நுழையும் இடம் இரும்பையே மடக்கி அடித்தது. ஒட்டு இல்லை, பற்றவைப்பு இல்லை.

கவுடர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்ம கோத்தர் வேலை மாதிரி இருக்கு. போய்க் கேளுங்க" என்றார்.

கோத்தர் இந்த மலையின் பழங்குடி, ஊர்ப் பெயரிலேயே இருக்கிறார்கள். பானையும் இரும்பும் மரவேலையும் இசையும் அவர்கள் கையில் இருந்தன. கத்தி, அரிவாள், கொத்து என்று, இங்கே பயிர்செய்யும் படகர் காட்டுக்கு வேண்டியதை அடித்துக் கொடுத்து, பதிலுக்குத் தானியம் வாங்கிய காலம் ஒன்று உண்டு. படகர் வீட்டுச் சாவுக்கு அவர்கள் இசை இல்லாமல் முடியாது. மலைக்குக் காசும் கூலியும் கடைச் சாமானும் ஏறிய பிறகு அந்த உறவு மெல்லத் தேய்ந்தது. இதெல்லாம் நான் புத்தகத்திலும் பேச்சிலும் கேட்டதுதான். கவுடர் சொன்னபடி ஒரு கோத்தர் பெரியவரைத் தேடிப் போய் அவர் கையில் இரும்பைக் கொடுத்தபோது அவர் முதலில் செய்தது, மடக்கின இடத்துக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தது.

"எத்தனை வருசம் இருக்கும் ஐயா?"

"அது எப்படித் தம்பி சொல்றது. எங்க தாத்தா இப்படித்தான் மடிப்பாரு. எங்கப்பாவும் இப்படித்தான் மடிப்பாரு." கொஞ்ச நேரம் கழித்து, "எப்படிக் கெடைச்சுது?" என்றார். கருவியைப் பற்றியும், இரும்பை ஒதுக்கி வைத்திருந்ததைப் பற்றியும் சொன்னேன். சிரித்துவிட்டார். "கோத்தகிரியில வந்து இரும்பு வேண்டாம்னா, வேற என்னத்தைத் தேடறீங்க?"

அந்தக் கொத்தை அவரிடமே கொடுத்துவிடலாமா என்று கவுடரைப் போனில் கேட்டேன். கொடுத்துவிடுங்கள் என்றார்.

அடுத்த ஞாயிறு கருவியில் ஒதுக்கலை முழுதாக எடுத்துவிட்டு, ஏற்கெனவே நாலு தடவை பார்த்து முடித்த எங்கள் கொல்லையில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். காது புண்ணானது. ஆணி, ஆணி, ஆணி. ஆனால் ஒரு விஷயம் அப்போதுதான் புரிந்தது. இரும்புக்குப் பக்கத்தில் காசு கிடந்தால், இரும்பை ஊமையாக்கும்போது காசும் சேர்ந்து ஊமையாகிவிடுகிறது. ஒதுக்கலை எடுத்ததும், இரும்பின் கரகரப்புக்கு நடுவே சில இடங்களில் ஒரு மெல்லிய மணியோசை எட்டிப் பார்க்கிறது. ஒரு பக்கம் வீசினால் கேட்கும், மறுபக்கம் வீசினால் கேட்காது. அந்த இடத்தைக் கால் திருப்பி, வேறு கோணத்திலிருந்து பொறுமையாக வீச வேண்டும். ஒரு சதுர அடிக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

மூன்றாவது அடுக்கில் அப்படி ஒரு இடத்தில் முதலில் வந்தது தகரப்பெட்டியின் பூட்டுக் கொண்டி, துருவேறி ஒரு கட்டியாக. அதற்கு நாலு விரல் தள்ளிச் சதுரமாக, முனை மழுங்கிய ஒரு காசு. அஞ்சு பைசா என்று நினைத்து டப்பாவில் போட்டேன். அலுமினிய அஞ்சு பைசாவும் அதே சதுரம்தான், எங்கள் கொல்லையில் அதற்குப் பஞ்சமே இல்லை. சாயந்திரம் நோட்டில் எழுதும்போதுதான் எண் இடித்தது. அஞ்சு பைசாவுக்கு இந்த எண் வராதே. தண்ணீரில் விட்டேன். மஞ்சளாகப் பித்தளை நிறம் தெரிந்தது. 1963. பக்கத்தில் 'சதம்' என்று எழுத்து.

தமிழ் எழுத்து. இந்தியக் காசில் தமிழ் ஏது?

அப்பாயி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "கண்டிச்சீமைக் காசு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

நாங்கள் சிலோன்காரர்கள். இந்தச் சொல்லை இந்த மலையில் சிலர் அன்பாகவும் சொல்வார்கள், சிலர் வேறு மாதிரியும் சொல்வார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், இலங்கைத் தோட்டத்து மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அப்பாயி, தாத்தா, ஒன்பது வயது அப்பா, இரண்டு அத்தைகள் 1971இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப்பில் தங்கி, தெரிந்த வேலை தேயிலைதான் என்று இங்கே ஏறியவர்கள். டேன்டீயில் வேலை கிடைத்த குடும்பம் இல்லை. கவுடரின் அப்பா அன்றைக்குக் கொடுத்த கொட்டகை, இதே மூன்றாவது அடுக்கில்தான் இருந்ததாம். பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டி இதே இடத்தை வாங்கினார் தாத்தா. இவ்வளவும் எனக்கு வரிவரியாகத் தெரியும். அப்பாயி இன்றைக்கும் லைன் வீட்டை லயம் என்பார், அறையைக் காம்பரா என்பார். ஆனால் அந்தக் கொட்டகை எங்கே இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பா வேலை முடிந்து வந்தபோது காசை அவர் முன்னால் வைத்தேன். எடுத்தார், புரட்டினார், ஒரு ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். ஓரம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

"இது என் சில்லு" என்றார்.

செல்லாத காசைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார்களாம். கட்டம் கிழித்துப் பாண்டி விளையாட இதுதான் சில்லு. ஓட்டுச்சில்லு சரிவில் உருண்டு ஓடிவிடும், சதுரக்காசு விழுந்த இடத்தில் நிற்கும். ஓரம் தேய்ந்தது கல்லில் உரசி, தன் சில்லு என்று அடையாளம் வைத்ததால். ஊர்ப்பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே விளையாட வருவார்கள் என்று சொல்லும்போது அப்பாவின் முகம் எனக்குப் புதிதாக இருந்தது. வந்த முதல் வருடம் இவரோடு யாரும் பேசவில்லை என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார். எத்தனையோ ராத்திரி கப்பல் கதை சொன்னவர், இதைச் சொன்னதில்லை.

அப்பாயி அதற்குள் கொண்டியைக் கையில் எடுத்திருந்தார். அது எந்தப் பெட்டி, அதில் என்னென்ன வந்தது, பூட்டு எந்த வருடம் கழன்றது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் போனில் பதிவுசெய்தேன். ஒரு மணி நேரம் பதினான்கு நிமிடம். கருவி வாங்கியதிலிருந்து நான் எடுத்ததிலேயே பெரியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஆணியும் கொண்டியும் கிடைத்தால் எறிவதற்கு முன் ஒருமுறை அவர்கள் மடியில் வைத்துப் பாருங்கள். எங்கே எடுத்தது என்று சொல்லி வையுங்கள். நான் இப்போது ஒவ்வொரு பொருளையும் ஒரு கவரில் போட்டு, அடுக்கு எண், வேலியிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், தேதி எல்லாம் எழுதிவிடுகிறேன். சரிவு நிலத்தில் பொருள் விழுந்த இடத்திலேயே இருக்காது. மண் இறங்க இறங்க அதுவும் இறங்கும். அதனால் ஒன்று கிடைத்தால் அதற்கு மேலேயும் கீழேயும் ஒரு அகலம் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் தேடி நிறைய நாளை வீணாக்கியிருக்கிறேன்.

இப்போது ஞாயிறு காலையில் நான் எழுந்திருப்பதற்குள் அப்பா கருவிக்குச் சார்ஜ் போட்டு வைத்துவிடுகிறார். மொத்தம் மூன்று சில்லு இருந்ததாம். ஒன்றைப் பெரிய அத்தை ஓடையில் எறிந்துவிட்டார், அதற்கு இன்றைக்கும் இருவருக்கும் பேச்சு வரும். இன்னொன்று கொட்டகையின் கீழ்ப்பக்கம் விழுந்தது என்று அடித்துச் சொல்கிறார். அவர் கை காட்டும் இடம் நான்காவது அடுக்கில் பீட்ரூட் பாத்திக்கு நடுவில் இருக்கிறது. பீட்ரூட் பிடுங்க இன்னும் மூன்று வாரம் ஆகும் என்கிறார் அம்மா.